வாலில் ஒரு ரயில்

என் சித்தப்பாவின் நாக்கைப் பார்த்தே அவர் செய்யும் மாதிரி விமானம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். பச்சையாக இருந்தால் மேல்பக்கம். வெளிர்நீலமாக இருந்தால் அடிவயிறு. கறுத்திருந்தால் எஞ்சினுக்குப் பின்னால் கரி பூசிக்கொண்டிருக்கிறார், வேலை முடியப்போகிறது என்று பொருள். இது சித்தி கண்டுபிடித்த கணக்கு. தூரிகையின் நுனி கூராக இருக்க வேண்டும் என்பதற்காக அவர் அதை வாய்க்குள் விட்டு உதட்டால் இறுக்கி இழுப்பார். ஒரு நாளைக்கு நூறு முறையாவது இழுப்பார். அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியாது.

பழக்கம் வேலையிடத்தில் வந்தது. முப்பத்தொரு வருடமாக அவர் பொய்ப்பல் செய்கிறார். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, ஜன்னல் இல்லாத ஓர் அறையில், சுண்ணத் தூசிக்கு நடுவே உட்கார்ந்து, பீங்கான் மாவைக் குழைத்துத் தூரிகையால் பூச்சுமேல் பூச்சாக ஏற்றுவார். அங்கேயும் தூரிகை வாய்க்குத்தான் போகும். ஊரில் பாதிப் பேர் வாயில் உங்கள் எச்சில் இருக்கிறது என்று ஒருமுறை சொன்னேன்.

"அதான் அப்புறம் சூளையில வேகுதுல்ல. தொள்ளாயிரம் டிகிரி. உன் கைய விடச் சுத்தம்" என்றார்.

ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, ஒற்றை முதுகுப்பையோடு நான் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிய அன்று நாக்கு பச்சையாக இருந்தது. அப்பாவும் அம்மாவும் அண்ணனோடு வேறு நகரத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். ஒரு வேலை கிடைக்கும்வரை சித்தப்பா வீட்டில் இருப்பதாக ஏற்பாடு.

"வந்துட்டியா! அப்படியே நில்லு. கீழ பார்த்துக் கால வை. ஒரு சக்கரம் உருண்டு போச்சு."

அதுதான் வரவேற்பு. அரைமணி நேரம் சித்தியும் நானும் நாலுகாலில் தவழ்ந்து பட்டாணி அளவு சக்கரம் ஒன்றைத் தேடினோம். சோபாவுக்கு அடியில் வெட்டிய நகங்கள் கிடைத்தன, காய்ந்த பசைக் குழாய் கிடைத்தது, யாருக்கும் பொருந்தாத ஒரு கடைவாய்ப்பல் கிடைத்தது. சக்கரம் என் செருப்பின் அடியில் ஒட்டியிருந்தது.

"ஆறு வருஷம் கழிச்சு வர்ற பொண்ணு, காலடி வெச்சதும் ஒரு பிளேனை முடமாக்கிட்டா" என்றாள் சித்தி. மூச்சு வாங்கச் சிரித்தாள்.

கல்லூரி நாட்களில் நான் தங்கிப் படித்த பின்னறைதான் எனக்கு மறுபடியும் ஒதுக்கப்பட்டது. மூன்று சுவர்களிலும் கண்ணாடி அலமாரிகள். அவற்றில் நாற்பத்தொரு விமானங்கள். எல்லாம் அந்த ஒரு போரில் ஜெர்மன்காரர்கள் ஓட்டியவை. எல்லாம் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு. தலையணையில் தின்னர் வாடை. போர்வையில் பசை வாடை. இரண்டு நாளில் என் தலைமுடியிலும் ஏறிவிட்டது. கண்ணை மூடினாலும் நாற்பத்தொரு மூக்குகள் என்னைப் பார்த்தபடி இருப்பது தெரிந்தது.

"உலகத்துல வேற யாருமே விமானம் ஓட்டலியா சித்தப்பா?"

"ஓட்டினாங்க. ஆனா மத்தவன்லாம் ஒரே பச்சைய அள்ளி அடிச்சுட்டுப் போயிடுவான். இவன் பாரு, எழுபது, எழுபத்தொண்ணுன்னு நம்பர் போட்டு ரெண்டு பச்சை. கோடு போட்ட மாதிரி வெட்டி வெட்டி அடிப்பான். அடியில அறுபத்தஞ்சு, வெளிர்நீலம். இவன் மாதிரி அடிச்சவன் யாரும் இல்ல."

"எதை? பெயின்ட்டையா, குண்டையா?"

அவர் பதில் சொல்லவில்லை. பதில் இல்லாமல் இல்லை. தூரிகை வாயில் இருந்தது.

எழுபதுக்கும் எழுபத்தொன்றுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. இரண்டும் குளத்துப் பாசி. அவருக்கு அது இரவும் பகலும். ஆனால் சித்தி வரவேற்பறையின் பச்சைத் திரையை மாற்றிச் சிவப்புத் திரை தொங்கவிட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. அது அவர் கண்ணில் பட்டிருக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, சித்தி கொடுத்த தேநீரைத் தட்டில் ஊற்றி ஆற்றிக் குடித்தேன். உதட்டில் ஏதோ ஒட்டியது. துடைக்கக் கையைத் தூக்கினேன்.

"அசையாத!" என்று கத்தினார் சித்தப்பா. "தொடாத! கிழிஞ்சிடும்!"

இடுக்கியோடு ஓடிவந்து என் கீழுதட்டிலிருந்து எதையோ தோல் உரிப்பதைப்போல் உரித்து எடுத்தார். இறக்கையில் ஒட்டும் கறுப்புச் சிலுவை. தண்ணீரில் ஊறவைத்தால் காகிதத்தை விட்டு நழுவும் மெல்லிய படம் அது. ஊறவைக்க அவர் எடுத்தது வீட்டுத் தேநீர்த் தட்டை. ஜெர்மன் விமானப் படையின் முத்திரையை உதட்டில் ஒட்டிக்கொண்டு நான் ஒரு வாய் தேநீரை விழுங்கியிருந்தேன். குளியலறைக்குப் போய் மூன்று முறை வாய் கொப்பளித்தேன். வெளியே வந்தபோது அவர் அந்தச் சிலுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லவேளை, முழுசா இருக்கு" என்றார்.

வாலில் போடும் கொக்கிச் சிலுவை, அந்த ஸ்வஸ்திகா, விமானத் துண்டுகள் வரும் பெட்டியில் வராது. பல நாடுகளில் அதை அச்சடிப்பதில்லை. இந்த மனிதர் அதைக் கையாலேயே போடுவார். மஞ்சள் ஒட்டுநாடாவைப் பிளேடால் மெல்லிய பட்டைகளாக வெட்டி, அளந்து ஒட்டி, நடுவில் கறுப்பு ஊதி, நாடாவை மூச்சை அடக்கிக்கொண்டு உரிப்பார். "அது இல்லாம எப்படி? பிழையாயிடும்" என்பார். அவர் அகராதியில் பிழை என்ற ஒன்றுதான் உண்டு. பாவம் என்ற சொல்லே கிடையாது.

அந்த வாரக் கடைசியில் அவர் என்னைத் தன் வேலையறை மேசைக்குக் கூப்பிட்டார். ஒரு துணியை விலக்கினார். இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம். ஒரு முழம் அகலம்.

"எண்பத்தெட்டு. அதான் இவன் மாடல் நம்பர். ரெண்டு வருஷ வேலை. யாருதுன்னு சொல்லு பார்ப்போம்."

"யாருது?"

"உன் ஊரு விமானம்மா! நீ துணி வெளுக்கிற கடையில வேலை பார்த்தியே, அங்கேருந்து போஸ்ட்கார்டு போட்டியே, அந்த ஊரு. புத்தகத்துல தேடினேன். அங்க ஒரு எண்பத்தெட்டு சுடப்பட்டு விழுந்திருக்கு. உனக்காகத்தான் இதை எடுத்தேன்."

முகமெல்லாம் சிரிப்பு. நாக்கு இன்னும் பச்சை.

அந்தச் சலவைக்கடையில் நான் நாலு மாதம் இருந்தேன். அந்த விமானத்தைப் பற்றி எனக்குத் தெரியும். அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒரு பகலில் அது ரயில் நிலையத்தின்மேல் குண்டு போட்டது. ஊரைக் காலி செய்துகொண்டு போகிறவர்கள் ஏறி உட்கார்ந்திருந்த ரயில் அங்கே நின்றிருந்தது. ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தது. இந்தமுறை சுட்டு வீழ்த்தினார்கள். ஊர் முழுக்க வயலுக்குப் போய்ப் பார்த்தது. யாரோ படம் எடுத்துப் பிரதி போட்டு விற்றார்கள். அந்தப் படம் இல்லாத வீடே அங்கே இல்லை. நான் கிளம்பியபோது கடைக்காரம்மா தன் மேசை இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இதைச் செஞ்சு என்ன பண்ணப்போறீங்க?"

"கண்காட்சி வருதுல்ல" என்றார். குரல் இறங்கியது. "இந்தத் தடவை தங்கம் வாங்கணும்மா."

அவருடைய மாதிரி விமானச் சங்கத்தில் வருடத்துக்கு ஒருமுறை போட்டி. பதினோரு வருடமாக அவருக்கு வெள்ளி. பதினோரு பதக்கங்களும் சமையலறைச் சுவரில், கரண்டிகளுக்குப் பக்கத்தில் தொங்கின. கண்ணில் புரை விழுந்திருந்தது. போட்டி முடிந்த மறுவாரம் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு கை ஓடுமோ ஓடாதோ என்று அவருக்குப் பயம்.

"பல்லு வேலை இருக்கு பாரு," என்றார், "நல்லா செஞ்சா யாருக்கும் தெரியாது. அது சொந்தப் பல்லுன்னு நெனைச்சுக்குவாங்க. மோசமா செஞ்சாத்தான் என் பேரு வெளிய வரும். முப்பது வருஷமா நான் செஞ்ச எதையும் பார்த்து யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. சொல்லக்கூடாது, சொன்னா அது கெட்ட பல்லு."

எனக்கு இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தோடு சேர்ந்து எரிச்சலும் வந்தது. ரயிலில் இருந்தவர்களைப் பற்றிச் சொன்னேன். எல்லாம் சொன்னேன். எந்தத் தேதியில் விழுந்தது என்பதுவரை சொன்னேன்.

அவர் தேதியை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார்.

அந்தச் சங்கத்தில் விமானம் செய்தால் போதாது. அதற்கு ஒரு நாள் வேண்டும். போர் விமானம் தினமும் மாறிக்கொண்டிருக்குமாம். நேற்று இல்லாத ஓட்டை இன்று இருக்கும், முந்தாநாள் இல்லாத எண்ணெய்க் கறை நேற்று இருக்கும். ஆகவே மாதிரியின் பக்கத்தில் வைக்கும் அட்டையில் இன்ன படை, இன்ன விமானம், இன்ன தேதி என்று எழுத வேண்டும். அந்தத் தேதியில் அது அப்படித்தான் இருந்தது என்பதற்குப் படம் ஆதாரமாக வேண்டும். இல்லையென்றால் மதிப்பெண் போய்விடும். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் சங்கத் தலைவர். அவரைக் கர்னல் என்பார்கள். பட்டாளத்தில் ஒரு நாள்கூட இருந்தவரல்ல. மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். மீசைக்காகக் கிடைத்த பட்டம்.

"நீங்க குறிச்சுக்கிட்டது அவ்வளவுதானா?" என்றேன்.

"வேற என்னம்மா? நானா குண்டு போட்டேன்? நான் பிளாஸ்டிக்க ஒட்டறேன்."

"பூனைக்கு விளையாட்டு, எலிக்கு உசிரு போகுது."

"நீ ஊர் ஊராப் போய்ப் பார்த்துட்டு வந்தியே, அதனால அந்த எலி எந்திரிச்சு வந்துடுச்சா?"

சித்தி சமையலறையிலிருந்து, "ரெண்டு பேரும் கையக் கழுவுங்க, சாப்பாடு ஆறுது" என்றாள்.

நான் எழுந்துபோய்ப் பையைத் துழாவினேன். சலவைக்கடைக்காரம்மா கொடுத்த படத்தை எடுத்துவந்து அவர் மேசையில், விளக்குக்கு நேர்கீழே, பட்டென்று வைத்தேன். நிமிர்ந்து நிற்கும் வால் வலப்பக்கம். உடைந்த இறக்கையும் அதைச் சுற்றி நின்ற ஊர்க்காரர்களும் இடப்பக்கம். முன்னால் ஒரு பெண். கோட்டு போட்டிருக்கிறாள். கையுறை இல்லாத கையை இறக்கையின்மேல் வைத்திருக்கிறாள். இதைப் பார்த்தபிறகாவது அந்த முகத்தில் ஏதாவது அசைகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

அசைந்தது. பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு குனிந்தவர், நாற்காலியிலிருந்து எழும்பிக் குதித்தார்.

"ரயில்! ஏய், இங்க வாயேன்! ரயில் போட்டிருக்கான்!"

விமானத்தின் வாலில், ஒவ்வொரு வெற்றிக்கும் ஒன்றாக எட்டு வெள்ளைக் கோடுகள். அவருடைய புத்தகங்களில் இருந்த பழைய படத்திலும் அந்த எட்டு உண்டு. இந்தப் படத்தில் எட்டுக்குப் பக்கத்தில் ஒன்பதாவதாக ஒரு சின்ன ரயில் வரைந்திருந்தது. ஓர் எஞ்சின், மூன்று பெட்டி. எஞ்சினுக்கு மேலே சுருள்சுருளாகப் புகைகூட. அந்தப் படையில் கைத்திறன் உள்ள யாரோ ஒருவன், நிலையம் எரிந்த பிறகு, உட்கார்ந்து நிதானமாக வரைந்திருக்கிறான். நாலு மாதம் அந்த ஊரில் இருந்தும், அந்தப் படத்தை நாலு நாடு சுமந்தும், நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

"இது எந்தப் புத்தகத்துலயும் இல்ல" என்றார் சித்தப்பா. "உலகத்துல யாருகிட்டயும் இல்ல. அடி சக்கை! கர்னல் மீசைய மடிச்சு வெச்சுக்க வேண்டியதுதான்."

என்னைக் கட்டிக்கொண்டார். தின்னர் வாடையில் எனக்குக் கண் எரிந்தது.

நாலு நாள் அவர் பல் லேபுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த ரயிலை வரைந்தார். அரிசியைவிடச் சற்றுப் பெரிய ரயில். ஒற்றை மயிர்த் தூரிகை. நாக்கு வெள்ளையாக இருந்தது. புரைக்கண்ணால் பார்க்க முடியாமல் பதினேழு தடவை அழித்து அழித்துப் போட்டார். ஒவ்வொரு சக்கரமாகச் சித்தியைக் கூப்பிட்டு, "வட்டமா இருக்கா?" என்று கேட்டார். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்து, "எரியப்போற ரயிலுக்குச் சக்கரம் வட்டமா இருந்தா என்ன, சதுரமா இருந்தா என்ன" என்றாள்.

ஐந்தாம் நாள் குப்பைக்கூடையைக் காலி செய்யப் போனேன். பழைய பஞ்சு, பிளேடு முனைகள், நாடாத் துணுக்குகள். அவற்றுக்கு அடியில் அந்தப் பெண் கிடந்தாள். கோட்டு, கை, இறக்கையில் பாதி, பின்னால் நின்ற கூட்டம். நேர்க்கோட்டில், அளவுகோல் வைத்து, படத்தை இரண்டாக வெட்டியிருந்தார். வால் மட்டும் மேசைக்கு மேலிருந்த பலகையில் குத்தியிருந்தது.

"எதுக்கு வெட்டினீங்க?"

"பலகையில எடம் இல்லம்மா. வேணுங்கறது வால்தானே."

எச்சிலைத் தொட்டு அந்தப் பெண்ணின்மேல் ஒட்டியிருந்த பச்சைப் பெயின்ட்டைத் துடைத்தேன். அவளை என் பையில் வைத்தேன். சித்தி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக்கூடத்தில். தரையில் பந்துக்கோடுகள், மேலே வளையங்கள், வியர்வையும் ரப்பரும் கலந்த வாடை. வெள்ளைத் துணி விரித்த மேசைகளில் முந்நூறு விமானங்கள். அவற்றைச் சுற்றி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வயிறு இடித்துவிடாமல் குனிந்து குனிந்து நடக்கும் ஆண்கள். எல்லோருக்கும் ஐம்பதுக்கு மேல். "வெள்ளைய இன்னும் கொஞ்சம் அழுக்காக்கியிருக்கலாம்." "இவன் போட்டிருக்கிற ரத்தம் பழைய ரத்தம் மாதிரி இல்ல." இப்படித்தான் பேச்சு. கல்யாண வீட்டில் சமையலைக் குறை சொல்லும் குரல்.

கர்னல் அட்டையும் பென்சிலுமாக வந்து எண்பத்தெட்டின் முன்னால் நின்றார். வெகுநேரம் நின்றார். பூதக்கண்ணாடியை எடுத்தார். ரயிலைப் பார்த்தார். பக்கத்தில் நிறுத்தியிருந்த பலகையில் ஒட்டியிருந்த வால் படத்தைப் பார்த்தார். மீசை மெல்ல மடிந்தது.

"பல்லுக்காரரே," என்றார், "இது எங்க புடிச்சீங்க?"

"அண்ணன் பொண்ணு கொண்டுவந்தா. அந்த ஊர்லயே இருந்தவ."

"பிரமாதம்யா." சித்தப்பாவின் காது சிவந்தது. முப்பத்தொரு வருடத்தில் அவர் காதில் விழுந்த முதல் நல்ல சொல்லாக இருக்கலாம். அதற்குள் கர்னல் அட்டையைத் தட்டினார். "தேதி போட்டிருக்கீங்க. தேதிக்கு என்ன ஆதாரம்?"

"படம்தான்."

"படத்துல தேதி எங்க? பின்பக்கம் இருக்கும். திருப்புங்க."

சித்தப்பா பலகையிலிருந்து வாலைப் பெயர்த்துத் திருப்பினார். பின்பக்கத்தில் நீல மையில், சாய்ந்த கையெழுத்தில் ஒரு வரி ஆரம்பித்திருந்தது. ஊர்ப்பெயரின் பாதி. அவ்வளவுதான். மீதி வெட்டிய இடத்தோடு போய்விட்டிருந்தது. யாரும் எட்டிப் பார்க்காத எஞ்சினின் உட்புறத்துக்குக்கூட வண்ணம் அடிக்கும் மனிதர், ஒரு படத்தைத் திருப்பிப் பார்க்காமல் வெட்டியிருக்கிறார்.

"தேதி இல்லன்னா ரயில் செல்லாது" என்றார் கர்னல். "ரயில் இருந்த நாள்னு எதை வெச்சு எழுதறது? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். பத்து நிமிஷம் இருக்கு. மீதி இருந்தா எடுங்க. இல்லன்னா…" பென்சில் வெள்ளிப் பதக்கப் பட்டியலின்மேல் நின்றது.

சித்தப்பா சட்டைப்பையைத் தொட்டார், கால்சட்டைப்பையைத் தொட்டார். பிறகு அவருக்கு நினைவு வந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. குப்பைக்கூடை. உதடு தொங்கிப்போய், கரி பூசி முடித்த கறுத்த நாக்கு தெரிந்தது.

என் பையில் இருந்தது மீதி. அந்த அரை நிமிடம் எனக்கு இனித்தது, ஒளிப்பானேன். வேண்டாதது என்று எறிந்ததில்தான் தங்கம் இருந்தது. கிடந்து தவிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

சித்தி என் முழங்கையை இடித்தாள். "பையில இருக்கிறத எடுடி."

"எடுக்கமாட்டேன் சித்தி."

"எடுத்து ஒட்டிக் குடு. அப்பவாவது முழுசா பார்க்கட்டும்."

எடுத்துக் கொடுத்தேன். சித்தப்பா அதை இரண்டு கையாலும் வாங்கினார். நன்றி சொல்லத் தோன்றவில்லை. மஞ்சள் நாடாவைக் கிழித்து, விளிம்போடு விளிம்பு மயிரிழை பிசகாமல் சேர்த்து ஒட்டினார். பின்பக்கத்தில் வரி முழுமையானது. ஊர், மாதம், நாள்.

"ஒரு நிபந்தனை" என்றேன். "சாயங்காலம்வரைக்கும் இது முழுசா இங்கயே நிக்கணும்."

"அதுக்கென்ன, நிக்கட்டுமே" என்றார். நான் எதைக் கேட்கிறேன் என்றே புரியாத தாராளம்.

கர்னல் தேதியைப் படித்தார். திருப்பினார். முதன்முறையாக அவருடைய பூதக்கண்ணாடி இடப்பக்கம் நகர்ந்து அந்தப் பெண்ணின்மேல் நின்றது.

"இது ரொம்ப உபயோகம்" என்றார். "இந்தப் பொம்பளை அஞ்சடி ரெண்டு அங்குலம்னு வெச்சுக்கிட்டா, வாலோட உயரத்தச் சரிபார்த்துடலாம்."

பென்சிலைப் படத்தின்மேல் படுக்க வைத்து அவளைத் தலைமுதல் கால்வரை அளந்தார். பிறகு அதே பென்சிலால் வாலை அளந்தார். மாதிரியின் அளவோடு ஒத்துப்போனது. எல்லோரும் கை தட்டினார்கள். நாள் முழுக்க ஆட்கள் வந்து வந்து படத்தைப் பார்த்தார்கள், பின்பக்கம் திருப்பினார்கள், தேதியைப் படித்தார்கள், வைத்துவிட்டுப் போனார்கள். மாலைக்குள் அந்தப் பெண்ணின் முகத்தில் நாலைந்து விரல் ரேகைகள்.

தங்கம் கிடைத்தது. பேருந்தில் வீட்டுக்கு வரும்வரை சித்தப்பா அதைக் கடித்துப் பார்க்காத குறைதான்.

வீட்டில் சித்தி அந்தப் படத்தை உணவு மேசைமேல் சாய்த்து வைத்தாள். "இந்தம்மா ஏன் அதுமேல கை வெச்சிருக்காங்க?"

"அவங்க பொண்ணு ரயில்ல இருந்தா. விமானம் விழுந்ததும் வந்திருக்காங்க. மூணு நாள் தொடர்ந்து வந்தாங்களாம். வந்து, கைய வெச்சு, சூடு ஆறிடுச்சான்னு பார்த்துட்டுப் போவாங்களாம்."

"ஆறிடுச்சாமா?"

"தெரியல."

சித்தப்பா பதக்கத்தைக் கரண்டிகளுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். முதுகை எங்களுக்குக் காட்டியிருந்தார். ஆணியை ஒரு தடவைக்கு மேல் தட்டினார்.

மறுவாரம் வலக்கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கட்டைப் பிரித்த அன்று பின்னறைக்குள் போனவர், ஒரு நிமிடத்தில் மூக்கைப் பொத்தாத குறையாக வெளியே வந்தார்.

"கண்றாவி! அத்தனையும் கண்றாவி! இவ்வளவு நீலமா அடிச்சிருக்கேன்?"

புரை விழுந்த கண்ணுக்கு எல்லாம் மஞ்சளித்துத் தெரியுமாம். அதைச் சரிக்கட்ட, தன்னை அறியாமல், ஏழெட்டு வருடமாக அடிவயிற்றுக்கெல்லாம் நீலத்தைக் கூட்டிக் கூட்டி அடித்திருக்கிறார். தங்கம் வாங்கிய எண்பத்தெட்டின் வயிறு நீச்சல்குளம் மாதிரி இருந்தது.

"அப்ப கர்னலுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?" என்றேன்.

"அந்தாளுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை" என்றார் வெறுப்பாக. "சங்கத்துல பாதிப் பேருக்குப் புரை."

சித்தி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை. "திரை எப்பச் சிவப்பாச்சு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், உணவு மேசையில் கிடந்த படத்தை எடுத்துக்கொண்டு வேலையறைக்குப் போனார். கறுப்பு வெள்ளைப் படத்தில்தான் அவருக்கு எரிச்சலூட்டும் நிறம் எதுவும் இல்லை.

பத்து நாள் அந்தக் கதவு சாத்தியே இருந்தது. பல் லேபிலிருந்து கொண்டுவந்த கைமோட்டாரின் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு ஒரு வேலை உறுதியாகி, வேறு அறை பார்த்துவிட்டு வந்த மாலையில் அவர் கூப்பிட்டார்.

மேசையில் எண்பத்தெட்டு இல்லை. ஓர் இறக்கை மட்டும் தனியாக, முறித்து, கருக்கி வைத்திருந்தார். அதன் பக்கத்தில், சுண்டுவிரலை விடக் குட்டையாக, அவள். விமானப் பெட்டியில் வரும் ஜெர்மன் மெக்கானிக் பொம்மை ஒன்றின் உடம்பு. இடுப்புக்குக் கீழே கால்களைப் பல் அறுக்கும் சக்கரத்தால் அறுத்து எடுத்துவிட்டு, பல்மெழுகில் பாவாடையும் கோட்டும் வடித்திருந்தார். ஸ்பேனர் பிடித்த கையை வெட்டி, வெறும் உள்ளங்கையாக்கி நீட்டியிருந்தார். விரல் ஐந்தும் தெரிந்தன. அடிப்பூச்சு மட்டும் அடித்திருந்தது. அறுத்துப்போட்ட கால்கள் தேநீர்த் தட்டில் கிடந்தன.

அந்த ரயிலின்மேல் விழுந்த குண்டை ஏற்றியவனின் உடம்பில் அவளைச் செய்திருக்கிறார். வேறு எதில் செய்ய அவருக்குத் தெரியும் என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதே எனக்குப் பிடிக்கவில்லை.

"போட்டிக்கா?"

"பொம்மைக்குத் தனிப் பிரிவு. அதுல நான் சேர்றதில்ல" என்றார். பார்வை என் பக்கம் திரும்பவில்லை. "வெட்டிட்டேன்ல. அதான்." புதுத் தூரிகையைக் கையில் எடுத்தார். முன்னால் ஏழு சின்னக் குப்பிகள், திறந்தபடி. "அவங்க கோட்டு என்ன கலரும்மா?"

"பழுப்பு" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எந்தப் பழுப்பு?"

குப்பிகளைப் பார்த்தேன்.

"நாலு மாசம் அங்க இருந்தே. கேக்கலியா?"

"கேக்கல சித்தப்பா."

"பேராவது?"

"அதுவும் கேக்கல."

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஆதாரமில்லாத தேதியைக் கர்னல் பார்ப்பாரே, அந்தப் பார்வை. வாய்வரை கொண்டுபோன தூரிகையை அப்படியே கீழே வைத்தார். குப்பிகளை ஒவ்வொன்றாக, இறுக்கி மூடினார்.

"சலவைக்கடைக்கு எழுதிக் கேளு" என்றார். "தெரியாம எப்படி அடிக்கிறது? பதில் வர்றவரைக்கும் அவங்க இப்படியே நிக்கட்டும்."